பாவாடையில் ஒரு தையல்

பிப்ரவரி 11, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். முந்தின நாள் குறிப்பில் விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்தேன். ஐந்தே முக்காலுக்கு வெல்லக் காப்பி. ஆறு மணிக்குத் தோல் ஷாப்பு வாசலுக்கு வந்து சேர்ந்தேன். லாரி தயாராக நின்றது. பிள்ளைகள் ஏழு பேர் ஏறியிருந்தார்கள். ஒருமுறை எண்ணிச் சரிபார்த்துவிட்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். லாரி பாலாற்று மணலில் போட்டிருந்த தடத்தில் இறங்கி அக்கரை ஏறியது. பனி இன்னும் விலகவில்லை.

அன்றைய டைரியில் காலைப் பகுதி இவ்வளவுதான். மாலைப் பகுதியில் ஒரே ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: "சாந்தியின் பாவாடை வீட்டுக்குப் போகிறது." அந்த வரியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும்.

எந்த ஆண்டு என்று எழுதவில்லை. எழுதினால், அப்போது நான் வேலை பார்த்த சினிமாப் படத்தின் பெயர் தெரிந்துவிடும். படத்தில் நடித்த பெண் இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. "பேர் போட்டுடாதீங்க சார், பசங்க கணக்குப் பாடத்தை விட்டுட்டு இதையே கேப்பாங்க" என்று சொல்லியிருக்கிறாள். எனவே பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றது எதையும் மாற்றவில்லை.

ரைட்டர் சினிமாவுக்குப் போனது

தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வோம். ஆம்பூரில் ஒரு ஷாப்பில் நான் ரைட்டர். வந்து இறங்கும் ஒவ்வொரு தோலையும் பார்த்து எங்கே ஓட்டை, எங்கே உண்ணிக்கடித் தழும்பு, எங்கே கத்தி பட்ட கீறல் என்று எழுதிவைப்பது என் வேலை. அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது.

மெட்ராஸிலிருந்து ஒரு டைரக்டர், கிராமத்து ஏழைக் குழந்தையைப் பற்றி ஒரு படம் எடுக்க வந்திருந்தார். லாரி வேண்டும் என்று எங்கள் முதலாளி சாகிபைப் பார்க்க வந்தவர், மேஜைமேல் கிடந்த என் புத்தகத்தைப் புரட்டினார். பத்துப் பக்கம் படித்தார்.

"லாரியோட இவரையும் குடுங்க" என்றார்.

சாகிப் சிரித்தார். "அவர் தோல் பாக்கிற ஆளு. சினிமாவுல இன்னா பாப்பாரு?"

"அதேதான் பாக்கணும். நேத்து எடுத்த காட்சியில எந்தப் பட்டன் திறந்திருந்ததுன்னு இன்னிக்கி யாராவது சொல்லணும். எங்க ஆளுக்கு உடம்பு சரியில்ல."

அப்படி இரண்டு வார இரவலாகப் போனேன். அங்கே என் புத்தகத்துக்குத் தொடர்ச்சிப் புத்தகம் என்று பெயர். உடை, முடி, கையில் என்ன, வெயில் எந்தப் பக்கம் என்று பத்தி பிரித்துக்கொண்டேன். ஒரு காட்சியைத் துண்டு துண்டாக வெவ்வேறு நாளில் எடுப்பார்கள். ஒட்டிப் பார்க்கும்போது ஒரே நாள்போல இருக்க வேண்டும். அதற்கு நான் பொறுப்பு.

கதை சுருக்கமானது. அப்பா பிழைப்புத் தேடிப் பட்டணம் போய்விடுகிறார். ஒன்பது வயதுப் பெண்ணும் அம்மாவும் கிராமத்தில் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் மனைவியை இழந்த ஒரு வண்டிக்காரர். பஞ்ச காலம். அவ்வளவுதான்.

எண்ணெய் வைத்த தலைகள்

பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்த நாளை மறக்க முடியாது. படம் எடுக்கப்போன கிராமத்தில் எவரும் பிள்ளைகளைத் தரவில்லை. "எங்க புள்ளைங்கள பிச்சைக்காரப் புள்ளைங்களா காட்டவா?" என்று கேட்டார்கள். சாகிப்தான் ஷாப்புக்குப் பின்புறத்துச் சேரிக்கு என்னிடம் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் முப்பது பிள்ளைகளுக்கு மேல் வந்து நின்றார்கள். அத்தனை பேர் தலையிலும் எண்ணெய் வழிந்தது. நெற்றி முழுக்க பவுடர். பெண்பிள்ளைகள் கனகாம்பரம் வைத்திருந்தார்கள். பொங்கலுக்கு எடுத்த துணி இன்னும் கஞ்சி மொடமொடப்போடு இருந்தது. ஒரு பையன் யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு நடக்க முடியாமல் நடந்தான்.

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏழைப் பிள்ளைங்க வேணும்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன் சார். போட்டோ புடிக்கப் போறாங்கன்னும் சொன்னேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. யுத்த காலத்தில், துணியை அளவாக மட்டும் விற்கும் கன்ட்ரோல் இருந்தபோது, எங்கள் பஜாரில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அங்கே ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். முதுகில் மேலிருந்து கீழ்வரை வெட்டியிருக்கும். ஒல்லியானவனும் போடலாம், தடித்தவனும் போடலாம். முன்னாலிருந்து பார்த்தால் கோட்டு. என் அப்பாவின் ஒரே படம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. வாழ்நாளில் சட்டைக்கு மேல் ஒரு துண்டுகூடப் போடாதவர். அந்தப் படத்தைப் பார்த்து யாரும் அவரைப் பொய்க்காரர் என்று சொன்னதில்லை. நாங்கள் படம் எடுத்துக்கொள்வது இருக்கிற நிலைமையைக் காட்ட அல்ல. எப்படி நினைவில் இருக்க வேண்டுமோ அப்படி நிற்க.

உடைப் பொறுப்பாளர் கோபால் மெட்ராஸ்காரர். பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாகக் கலைத்தார். செம்மண்ணைத் தூவினார். தாய்மார்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பாக்கியம். எங்கள் ஷாப்பில் ஆவாரம் பட்டைக் கொட்டகையில் வேலை. பட்டையை உதிர்த்துத் தரம் பிரிப்பாள், கிழிந்த கோணிகளைத் தைப்பாள். அவள் மகள்தான் சாந்தி. டைரக்டர் சாந்தியைக் கதாநாயகியாகத் தேர்ந்தெடுத்தார். காரணம் கேட்டேன். "தலையைக் கலைச்சப்ப அவதான் கோபால முறைச்சா" என்றார்.

முன் வாசல்

கதையில் வரும் வீட்டுக்கு அந்தக் கிராமத்தில் ஒரு விவசாயியின் வீட்டைப் பேசியிருந்தார்கள். நாட்டு ஓடு, மூன்று படிகள், பச்சை அடித்த கதவு. வீட்டுக்கார அம்மாள் கண்டிப்பானவர், ஆனால் கத்துகிறவர் அல்ல. முதல் நாளே ஒரு நிபந்தனை சொன்னார்.

"படத்துல வர்ற நேரத்துக்கு அந்தப் பொண்ணு முன் வாசல்ல வரட்டும். மத்த நேரம் புளிய மரத்தடியில இருக்கட்டும். குடிக்கத் தண்ணி நீங்க கொண்டாந்துடுங்க."

டைரக்டர் சரி என்று தலையாட்டினார். அவருக்கு வீடு வேண்டும். நானும் தலையாட்டினேன். தொடர்ச்சிப் புத்தகத்தில் "பிற" என்ற பத்தியில் எழுதிக்கொண்டேன்: "தண்ணீர்: ஷாப்பிலிருந்து, தனி கேன்." இன்று அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது கையெழுத்து மிக அழகாக இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

முதல் மூன்று நாட்கள் ஆற்றங்கரை, வயல் காட்சிகள். அவற்றில் சாந்திக்கு வேறு உடை. புதன்கிழமைதான் அரக்கு நிறப் பாவாடை பெட்டியிலிருந்து வெளியே வந்தது. கோபால் மெட்ராஸிலேயே அதைப் பக்குவமாகக் கிழித்துக் கொண்டுவந்திருந்தார். என் குறிப்பு: "வலப்பக்கம், இடுப்புக்கு நான்கு விரல் கீழே. நீளம் ஆறு விரல். முழங்கை மடங்கியதுபோல வளைவு."

அன்று எடுத்த காட்சியில் சாந்தி தெருவில் ஓடி வருகிறாள். படிக்குக் கீழே வந்ததும் நிற்கிறாள். கதவைப் பார்க்கிறாள். அதோடு வெயில் போய்விட்டது. படியேறி உள்ளே போவதை வியாழக்கிழமை எடுப்பதாக முடிவு.

வேலை முடிந்ததும் சாந்தி கை கழுவக் கால்வாய்க்குப் போனாள். குனிந்தபோது கால் வழுக்கியது. மாற்றிக்கொள்வதற்காக இடுப்பில் சுருட்டி வைத்திருந்த அவளுடைய சொந்தப் பாவாடை நழுவித் தண்ணீரில் விழுந்து முழுக்க நனைந்துவிட்டது. தைக் கடைசிப் பனி. ஈரத்தோடு லாரியில் அனுப்ப மனம் வரவில்லை. கோபால் கிராமத்துக்குள் டீ குடிக்கப் போயிருந்தார்.

"இதையே போட்டுக்கிட்டுப் போ. காலையில இதோடயே வா" என்றேன்.

"கிழிஞ்சிருக்குதே சார்."

"இருந்தா என்ன, லாரியில யாரு பாக்கப் போறாங்க?"

கிழிசலைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறினாள். நான் டைரியில் அந்த ஒரு வரியை எழுதினேன்.

வியாழக்கிழமை

காலையில் சாந்தியோடு பாக்கியமும் லாரியில் இருந்தாள். ஒரு நாள் லீவு கேட்டிருந்தாள், நானே எழுதிக் கொடுத்திருந்தேன். மகள் அந்த வீட்டுப் படியேறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. புளிய மரத்தடியில் போய் நின்றுகொண்டாள்.

கோபாலின் குரல் கேட்டது. "இன்னா ரைட்டர் சார் இது, பாவாடைய யாரோ ரிப்பேர் பண்ணிக்கீறாங்க."

ஓடிப்போய்ப் பார்த்தேன். பாவாடை துவைத்து உலர்ந்திருந்தது. கிழிசல் இருந்த இடத்தில் கிழிசல் இல்லை. ஓரம் உள்ளே மடிக்கப்பட்டு, நெருக்கமாகத் தையல் ஓடியிருந்தது.

"எங்கம்மா தெச்சாங்க" என்றாள் சாந்தி. அவளுக்குப் பெருமை.

நேற்றைய ஃபிலிமில் படிக்குக் கீழே கிழிசலோடு நிற்கிற பெண், இன்று படியில் கால் வைக்கும்போது தைத்த பாவாடையோடு இருந்தால் நேற்றைய வேலை முழுக்க வீண்.

கோபால் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்தார். "ரெண்டு நிமிஷ வேல. வா பாப்பா."

சாந்தி பின்னால் நகர்ந்தாள். தையல் இருந்த இடத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அழவில்லை. மரத்தடியைப் பார்த்து, "அம்மா" என்றாள்.

பாக்கியம் வந்தாள். "இன்னா சார் பண்றீங்க?"

"கிழிக்கணும்மா. நேத்து கிழிஞ்சிருந்தது இன்னிக்கி ஒட்டிக்கிச்சுன்னா ஜனங்க சிரிப்பாங்க" என்றார் கோபால்.

"கிழிஞ்சத தெச்சா சிரிப்பாங்களா? எந்த ஊரு ஜனங்க?"

"சினிமா வேற, குடும்பம் வேறம்மா. பேஜார் பண்ணாத, வெயிலு ஏறுது."

அதற்குள் டைரக்டர் வந்துவிட்டார். உடையை வீட்டுக்கு அனுப்பியது நான்தான் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பாக்கியத்திடம் மெதுவாகப் பேசினார். எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார்.

"அம்மா, இது உங்க பொண்ணு இல்ல. கதையில வர்ற பொண்ணு. ஏழை வீட்டுப் பொண்ணு."

"நாங்க மட்டும் இன்னா சார், மில்லு வெச்சிக்கினு இருக்கமா?"

லைட் தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்தார்.

"பாக்கிறவங்களுக்கு அவ ஏழைன்னு தெரியணுமே. அதுக்குத்தான் கிழிசல்."

"அந்தக் கதைப் பொண்ணுக்கு அம்மா கீறாங்களா, செத்துட்டாங்களா?"

"இருக்காங்க." அம்மாவாக நடிக்கும் நடிகை உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைக் காட்டினார்.

"கண்ணு தெரியுதா அவங்களுக்கு?"

"தெரியுது."

"கை நல்லா இருக்குதா?"

"இருக்கு."

"அப்ப ஏன் தெக்கல?"

டைரக்டர் நடிகையைத் திரும்பிப் பார்த்தார்.

"கிழிசலோட ஒரு பொண்ணு தெருவுல போனா, அத ஏழைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க சார். அம்மா இல்லாத பொண்ணும்பாங்க. இல்லன்னா, அம்மா சரியில்லம்பாங்க." பாக்கியம் குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கி எம் பொண்ணு அந்தப் படி ஏறுறா. அந்த வூட்டுக்காரம்மா பாத்துக்கினு நிப்பாங்க. அப்புறம் ஊரு ஊரா கொட்டாய்ல ஓட்டுவீங்க. அங்கேயும் அவ அந்தப் படி ஏறிக்கினே இருப்பா. கிழிசலோட நான் ஏத்த மாட்டேன். வேணான்னா சொல்லிடுங்க, சாயங்காலம் லாரியில கூட்டிக்கினு போய்டறேன்."

கிட்ட வந்து பாருங்க

நான் பதற்றமாக இருந்தேன். நான்கு நாள் ஃபிலிம் சாந்தியை வைத்து எடுத்தாகிவிட்டது. அவள் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டைரக்டரிடம் அதற்கு வசதியில்லை என்று எல்லாருக்கும் தெரியும். சாந்திக்கும் வேறு பெரிய வாய்ப்பு எதுவும் காத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு பட்டைக் கொட்டகைதான். படம் முடிந்தால் அவள் படிப்பைத் தாம் பார்த்துக்கொள்வதாக டைரக்டர் சாகிபிடம் சொல்லியிருந்தார். பாக்கியத்துக்கும் அது தெரியும். தெரிந்துதான் அப்படிப் பேசினாள்.

"தைச்சுட்டா ஏழ்மை கண்ணுக்கே தெரியாதும்மா" என்றார் டைரக்டர். சற்றுத் தளர்ந்த குரல்.

"ஏன் தெரியாது? கிட்ட வந்து பாருங்க."

அவர் மண்ணில் முழங்காலிட்டார். சாந்தி கையை எடுத்தாள். நானும் குனிந்தேன்.

தையல் மேல்பாதியில் கறுப்பு நூல். வளைவு திரும்பும் இடத்தில் கறுப்பு நின்று, கீழ்ப்பாதி வெளிறிய பழுப்பு.

"நூல் ஏன் மாறிச்சு?" என்று கேட்டார் டைரக்டர்.

"கறுப்பு தீந்துபோச்சு சார். வெள்ளைதான் இருந்துது. வெள்ளைய அப்டியே போட்டா பல்லிளிக்கும்னு பட்டைத் தண்ணியில முக்கி எடுத்தேன். சரியா புடிக்கல."

தோலுக்கு நிறம் ஏற்றும் ஆவாரம் பட்டைச் சாறு. அதில் நூலை நனைத்து உலர்த்தித் தைத்திருக்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளாக நான் தோலில் குறைகளைத் தேடி எழுதிவந்தவன். நேற்று அந்தக் கிழிசலுக்கு மூன்று அளவுகள் எழுதினேன். இந்தத் தையலுக்கு எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.

டைரக்டர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு என்னிடம் கை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன்.

"இது எப்படிக் கிழிஞ்சதுன்னு எழுதலையே ரைட்டர்?"

"நீங்க சொல்லலையே சார்."

"நான் யோசிக்கவே இல்ல." சாந்தியிடம் திரும்பினார். "நீ சொல்லு. எங்க கிழிச்சிருப்ப?"

"கருவ முள்ளு" என்றாள் உடனே. "மாங்கா அடிக்கப் போயி."

"வீட்டுக்கு வந்தா என்ன ஆகும்?"

"அம்மா முதுகுல ஒண்ணு வைப்பாங்க. அதான் படிகிட்ட நின்னுட்டேன்."

டைரக்டர் சிரிக்க ஆரம்பித்தார். நேற்று அந்தப் பெண்ணை ஏன் படியருகே நிற்கச் சொன்னார் என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. இப்போது காரணம் கிடைத்துவிட்டது. கிழித்துக்கொண்டு ஓடி வருகிறாள். திட்டு விழும் என்று நிற்கிறாள். அம்மா பார்த்துவிடுகிறாள். தைத்துக் கொடுக்கிறாள். தைத்த பாவாடையோடு உள்ளே போகிறாள். நேற்றைய ஃபிலிம் ஓர் அங்குலம்கூட வீணில்லை. நடுவில் ஒரு தையல் காட்சி மட்டும் சேர்க்க வேண்டும்.

கோபால் மீண்டும் பிளேடைத் திறந்தார். "அப்ப பிரிக்கணும் இல்ல?"

"குடுங்க, நானே பிரிக்கிறேன்" என்றாள் பாக்கியம். "நீங்க கை வெச்சா துணி போய்டும்."

மூன்றாவது படி

நடிகை நல்ல மனுஷி. ஆனால் ஊசியை அகர்பத்தியைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். இரண்டு முறை முயன்றுவிட்டு அவரே, "இவங்க கையையே எடுத்துடுங்க சார்" என்றார். முகம் நடிகையுடையது, கை பாக்கியத்தினுடையது என்று தீர்மானமாயிற்று.

வீட்டுக்கார அம்மாள் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "காட்சிக்குன்னா உள்ள வந்து உக்காரட்டும்" என்றார்.

பாக்கியம் அவரைப் பார்த்தாள். "காட்சிக்குன்னு வர்றதுன்னா வேணாங்க. வெளிச்சம் இங்கதான் ஜாஸ்தி."

சொல்லிவிட்டு மூன்றாவது படியில் உட்கார்ந்தாள். கதவை ஒட்டிய படி. யாரும் உட்காரச் சொல்லவில்லை, யாரும் எழுந்திருக்கவும் சொல்லவில்லை. காமிரா தயாராக அரை மணி நேரமாயிற்று. அந்த அரை மணியும் அவள் அங்கேயேதான் இருந்தாள். மகளைப் பக்கத்தில் நிறுத்தி, ஒத்திகை பார்க்கிற சாக்கில் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "நெளியாத."

வீட்டுக்கார அம்மாள் குனிந்து பார்த்தார். "ரெண்டு இழையா போடேன். நிக்கும்."

"பிரிச்ச நூலுதாங்க, கம்மி."

அவர் உள்ளே போய் ஒரு கறுப்பு நூல்கண்டோடு வந்தார். பாக்கியம் தலையாட்டினாள். "இப்ப வேணாங்க. பாதியில நெறம் மாறணும்னு டைரக்டர் கேக்கறாரு."

"நெறம் மாறணுமா? நல்லா கேட்டாரு. அப்ப வெச்சிக்க, அப்புறம் ஆவும்."

அவர் நூலைக் கையில் கொடுக்கவில்லை, படியில் வைத்தார். பாக்கியம் எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். நூல் கொண்டுவந்ததையும் கையில் கொடுக்காததையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் எழுதினால் சரியாக இராது.

படம் வெளிவந்தபின் அதைப் பற்றி நிறைய எழுதினார்கள். இப்போதும் எழுதுகிறார்கள். அந்தத் தையல் காட்சி வந்தால் கொட்டகையில் பேச்சு நின்றுவிடும். அந்த விரல்களை நடிகையின் நடிப்பு என்று பாராட்டியவர்கள் உண்டு. நகக்கண்ணில் பட்டைச் சாயம் ஏறியிருப்பதைக் கவனித்து எவரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் வரும் கிராமத்தில் ஒரே ஒரு தெருதான் இருக்கிறது. புளிய மரம் வருகிறது. அதன் அடியில் நின்றவர்கள் வரவில்லை. அந்தக் குறை படத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு பெண் தைத்த பாவாடையோடு மூன்று படி ஏறி, பச்சைக் கதவு வழியாக, குனியாமல் உள்ளே போகிறாள். அதுவும் இருக்கிறது. எத்தனையோ ஊர்களில், எத்தனையோ முறை போய்க்கொண்டிருக்கிறாள்.

அன்று அவள் படியேறியபோது நான் பாக்கியத்தைப் பார்த்தேன். புத்தகத்தில் எழுதவேண்டியதை எழுதவில்லை. அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் வெயில் எந்தப் பக்கம் என்ற பத்தி காலியாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை

பள்ளிக்கூடக் காட்சிகள் தொடங்கவிருந்தன. அதற்கென்று கோபால் கிழித்து வைத்திருந்த ஆறு பிள்ளைகளின் சட்டைகளும், வண்டிக்காரராக நடிப்பவரின் சட்டையும் இன்னும் யார் உடம்பிலும் ஏறவில்லை. அவற்றைத் தைக்க டைரக்டர் சாகிபிடம் சொல்லி பாக்கியத்துக்கு இன்னும் ஒரு நாள் லீவு வாங்கியிருந்தார். ஆறு முப்பதுக்கு பாக்கியம் லாரியிலிருந்து இறங்கினாள். நேராகப் போய் அதே மூன்றாவது படியில் உட்கார்ந்தாள். கோபால் துணிகளைக் கொண்டுவந்து வைத்தார். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒவ்வொரு கிழிசலும் அவர் பார்த்துப் பார்த்துச் செய்தது.

முதல் காரியமாக அவள் துணிகளைப் பிரித்து வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி. "இவனுக்கு கதையில அம்மா உண்டா?" உண்டு என்றால் வலப்பக்கம். இப்படி ஆறும் வலப்பக்கம் போயின. கடைசியாகத் தோள்பட்டை கிழிந்த பெரிய சட்டை வந்தது. அதைப் போடவேண்டியவர் முந்தின நாள் மாலை மெட்ராஸிலிருந்து வந்த நாடக நடிகர், கனத்த சாரீரம். பக்கத்திலேயே பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"இவருக்குப் பொண்டாட்டி?"

"கதையில செத்துட்டாங்க" என்றேன்.

"அம்மா, அக்கா, தங்கச்சி?"

"யாருமில்ல."

பாக்கியம் ஊசியை எடுத்துச் சட்டையில் குத்தி, நூல்கண்டோடு சேர்த்து அவரிடமே நீட்டினாள். "அப்ப நீங்களே தெச்சிக்கணும் சார். கோணலா வந்தா பரவால்ல. கோணலாத்தான் வரணும்."

"நான் மேடையில ராஜா வேஷம் கட்டுறவன்மா" என்றார் அவர்.

"ராஜாவுக்கு தெக்க ஆளு இருப்பாங்க. வண்டிக்காரருக்கு யாரு கீறாங்க?"

அவர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து முதல் படியில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூல் நுனியை உதட்டில் ஈரப்படுத்தினார். ஐந்தாவது முறை நூல் ஊசிக்குள் போயிற்று. மணி ஆறு ஐம்பத்திரண்டு. அதற்குப் பிறகுதான் காமிராப் பெட்டியைத் திறந்தோம்.